பழனியாயி சொன்னதும் நான் எழுதியதும்

போன மாதம் இரண்டு இளம் மருத்துவமாதுகள் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஓர் அச்சடித்த படிவம் வைத்திருந்தார்கள். கலவரத்தில் இடம்பெயர்ந்தவர்களை ஓரிடத்தில் தங்கவைத்தால் கக்கூசு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், போகும் வழியில் விளக்கு உண்டா, தண்ணீருக்குப் போகும் பெண்களுக்குத் துணை யார், காவலுக்கு நிற்பவர்களைக் கண்காணிப்பது யார் என்று பக்கம் முழுக்கக் கேள்விகள். "ஒங்க காலத்துல இதெல்லாம் யாரு மிஸ்ஸி சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தப்புச் செய்துவிட்டு அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்றேன். கிழவி வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு பஸ் பிடிக்கும் அவசரம் இருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் வேண்டுமென்றேதான் மாற்றியிருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலங்கை மலைநாட்டில், நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில் பிறந்தவள் நான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் திட்டு வாங்கியே தேறினேன். எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபிறகு எங்கள் ஆட்களுக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாத விசயமாகிவிட்டது. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக வேலை கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. செபமாலை என்ற என் பேரை அன்றோடு எல்லாரும் மறந்துபோனார்கள். 'மிஸ்ஸி' என்றே கூப்பிட்டார்கள்.

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்தவர் குணசேகர ஐயா. சிங்களவர். தோட்டத்து லயங்களில் நடந்து நடந்தே எங்கள் தமிழைக் கற்றுக்கொண்டவர். மெலிந்த மனிதர். வெள்ளைக் கோட்டில் கறை பட்டால் அன்று முழுக்க முகம் சுளித்தபடியே இருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் எழுதும் நோயாளிப் புத்தகத்தை மட்டும் தினமும் வாங்கிப் பார்ப்பார். அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு கிழித்திருப்பார். இடது பக்கம் நோயாளி சொன்னது. வலது பக்கம் நாங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டையும் கலக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

ஒரு நாள் ஒருத்தி கன்னம் வீங்கி வந்தாள். தேயிலை மலையில் தண்ணீர் ஓடுவதற்கு வெட்டியிருக்கும் கானுக்குள் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நானும் அப்படியே எழுதினேன். ஐயா புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலது பக்கம் சும்மா இருக்கே, மிஸ்ஸி?"

"கான்ல விழுந்தாங்களாம் ஐயா."

"அது அவங்க சொன்னது. நாலு விரல் தெரியுது பாருங்க. நம்ம தோட்டத்துக் கானுக்கு விரல் இல்லையே."

நான் வலது பக்கத்தில் நாலு விரல் தடம் என்று எழுதினேன். அவளைக் குடைந்து குடைந்து கேட்கவில்லை. அவள் பொய் சொன்னாள் என்றும் எழுதவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பெண் நோயாளி வந்தால் கூட வந்த புருசனையோ மாமியாரையோ, "வெந்நீர் வேணும், ஸ்டோர்ல போயி கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை, டிஸ்பென்சரியிலிருந்து கால் மணி நேர நடை. ஆள் போனதும் தானும் வெளியே போய் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். அந்த அரை மணி நேரத்துக்குள் அவள் என்னிடம் பேச வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து ஆண்கள் மூச்சிரைக்கச் சுமந்துவந்த வெந்நீரில் முக்கால்வாசியை நான் ரோஜாச் செடிக்குத்தான் ஊற்றினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், சிங்களவர்கள் தமிழர்களைத் தாக்கிய ஐம்பத்தெட்டுக் கலவரம் வந்தது.

எங்கள் மலையில் மற்ற இடங்கள் அளவுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது. வலப்பனையிலிருந்து வந்த லொறிக்காரர் ஒன்று சொன்னார், பாண் ரொட்டி கொண்டுவந்தவர் வேறொன்று சொன்னார். எங்கள் கீழ்ப்பிரிவு லயங்களுக்கும் அடிவாரத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடுவில் ஒரு வயல்தான். அதுவரைக்கும் அந்தக் கிராமத்துப் பெண்கள் பலாக்காய் கொண்டுவந்து எங்கள் ஆட்களிடம் விற்பார்கள். ஒரு மத்தியானம் ரோட்டோரத்துக் கடையொன்றின்மேல் யாரோ கல் எறிந்தார்கள். உடனே தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை உத்தரவு போட்டார்: கீழ்ப்பிரிவு ஆட்கள் அத்தனை பேரும் மேலே ஸ்டோருக்கு வந்து தங்க வேண்டும். ஒரு சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரர்களும் காவலுக்கு வந்தார்கள்.

ஸ்டோருக்குள் யார் எங்கே இருப்பது என்று முடிவு செய்தது, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியும் அவருடைய ஆட்களும். அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணமாகாத பெண்கள் எல்லாரையும் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஏற்றி, படிக்கட்டு அடியில் இரண்டு கிழவர்களை உட்கார வைத்தார்கள். கல்யாணமானவர்கள் பிள்ளைகளோடு கீழே. இளவட்டங்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோடு வாசல் கேட்டுப் பக்கம். காவலுக்குத் தலைவன் பெரிய கங்காணியின் மச்சினன் தங்கராசு. நல்ல உயரம், நல்ல குரல். கத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு அவன் நடந்துபோனால் பெண்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டேன்.

கேட்டில் நின்ற அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துதான் நின்றார்கள்.

ஆட்கள் சரியாக இருக்கிறார்களா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பெரட்டு. வேலைக்குப் போகுமுன் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதையே காலையும் மாலையும் ஸ்டோர் முற்றத்தில் நடத்தினோம். கணக்கப்பிள்ளை ஆட்களின் பேர்ப் பதிவேடான செக்ரோலை விரித்துப் பேர் வாசிப்பார். கூப்பிட்ட பேருக்குப் பதில் வந்துவிட்டால் எல்லாரும் பத்திரம் என்று அர்த்தம். என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள், பால் குடிக்கும் பிள்ளை வைத்திருப்பவர்கள். நான் அதைப் பார்த்துக்கொள்வேன். ஒருவர்கூட விடுபடவில்லை என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பழனியாயி எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவளுக்குப் பத்தொன்பது இருபது வயது. கீழ்ப்பிரிவு வேலுவுக்கு வாக்கப்பட்டு வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து விலகி இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமென்றால் பழைய தோட்டம் பத்துச்சீட்டு தர வேண்டும். அவளுடைய பத்துச்சீட்டு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே செக்ரோலில் பேர் இல்லை. வயிற்றில் பிள்ளையும் இல்லை, ஆகவே என் பட்டியலிலும் இல்லை. கல்யாணமானவள், ஆகவே மாடியிலும் இல்லை. பெரட்டில் அவள் மாமியாருக்குப் பின்னால் நிற்பாள். யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாத பேருக்கு யார் பதில் சொல்வது?

மூன்றாம் நாள் மத்தியானம் மலையைப் பனிமூட்டம், எங்கள் பேச்சில் மிஸ்டு, மூடிவிட்டது. ஸ்டோரின் ஒரு மூலையில் மேசை போட்டு நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அழுகிற பிள்ளைகள். தங்கராசு வந்தான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"கவ்வாத்துக் கத்தி பட்டிருச்சு மிஸ்ஸி. லேசாத்தான்."

துண்டை அவிழ்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே, மேலும் கீழுமாக இரண்டு அரை வட்டம். கத்தி அப்படி வெட்டாது. எனக்கு அது தெரியும். டிங்சர் போட்டபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்டு அனுப்பிவிட்டுப் புத்தகத்தில் இடது பக்கம் 'கத்தி பட்ட காயம்' என்று எழுதினேன். வலது பக்கத்தை வெறுமையாக விட்டேன். மேசைக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆண்களுக்குள் ஏதோ கைகலப்பு, நமக்கேன் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தேன். காவல் தலைவனைக் கேள்வி கேட்டுவிட்டு அதே ஸ்டோருக்குள் எத்தனை நாள் இருப்பது?

சாயங்காலப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார். எல்லாப் பேருக்கும் பதில் வந்தது. செக்ரோலை மூடினார்.

கூட்டம் கலையும்போது வேலுவின் அம்மா என்னிடம் வந்தாள். "மிஸ்ஸி, எங்க மருமக மாடியிலதான இருக்கா?"

"கல்யாணமானவங்களுக்கு மாடியில என்ன வேலை?"

"கொமரிங்களோட பேசிக்கிட்டிருக்கான்னு நெனச்சேன். தண்ணிக்குப் போறேன்னு கொடத்த எடுத்துக்கிட்டுப் போனா."

"எப்ப?"

"சோறு தின்னு முடிச்சதும்."

ஸ்டோருக்குப் பின்னால் தேயிலைக்குள் இறங்கிப் போனால் பீலி இருக்கிறது. மலைத்தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் இடம். மாடியிலிருந்த பெண்கள் அங்கே போகும்போது கிழவர்கள் துணைக்குப் போவார்கள். கல்யாணமானவளுக்குத் துணை எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆண்களிடம் சொல்லாமல் நானும் மாமியாரும் இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினோம். பீலிக்குக் கொஞ்சம் தள்ளிப் பித்தளைக் குடம் ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. மாமியார் அலற ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டு, "பழனியாயி, நான் மிஸ்ஸி. பொம்பளைங்கதான் வந்திருக்கோம்" என்று சத்தம் போட்டேன். இரண்டு மூன்று முறை கூப்பிட்டபிறகு பக்கத்துக் கானுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல தாயி."

எழுந்து வந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த ஈரத்தில் கிடந்திருக்கிறாள். இரண்டு காலிலும் அட்டை. ரவிக்கை தோளிலிருந்து கிழிந்திருந்தது. நான் என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போதுகூட அவள் அழவில்லை.

நாங்கள் மேலே வந்து சேருமுன் சேதி முந்திக்கொண்டது. மாமியாரின் அலறலை யாரோ கேட்டிருக்க வேண்டும். முற்றம் நிறைய ஆண்கள், கையில் கவ்வாத்துக் கத்திகள். "கிராமத்தான் நம்ம பொண்ணு மேல கை வச்சிட்டான்" என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. வேலுவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் கையில் என் கட்டோடு தங்கராசு. சார்ஜன் இரண்டு பொலிஸ்காரர்களோடு கேட்டை மறித்து நின்றார். மூன்று துவக்குகள் அத்தனை பேரை எவ்வளவு நேரம் தாங்கும்?

குணசேகர ஐயா டிஸ்பென்சரியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். "மொதல்ல அந்தப் புள்ளைகிட்ட மிஸ்ஸி பேசட்டும்" என்றார்.

பெரிய கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவோட அக்காவைக் கட்டிக் குடுத்திருக்கிறது அந்தக் கிராமத்துலதான? மூடி மறைக்கப் பாக்குறீங்களா?"

அது உண்மைதான். அவருடைய அக்கா வீடு வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஐயாவின் முகம் செத்துப்போனது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"சரி. நான் பக்கத்துல நிக்க இல்ல. கேட்டுக்குப் போறேன்" என்றவர், என்னிடம் மட்டும் சொன்னார்: "அவ என்ன சொல்றாளோ அத எழுதுங்க. எங்க ஆளுங்கன்னு சொன்னா அப்படியே எழுதுங்க, மிஸ்ஸி. எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம்."

சொல்லிவிட்டு, கத்தி பிடித்த ஆண்களுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டோடு நடந்து போய் சார்ஜன் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த நிமிடத்தில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை, பின்னால் அவரோடு சண்டை போட்டிருந்தாலும்.

ஸ்டோர் வேலையை நடத்தும் டீமேக்கரின் அறைக்குள் பழனியாயியைக் கூட்டிப் போனேன். மாமியாரும் நுழையப் பார்த்தாள். வெந்நீர் வேண்டுமென்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். முதலில் தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளாகவே சொன்னாள்.

"தனியாப் போவாத, கிராமத்தான் வந்துருவான், நான் தொணைக்கு வர்றேன்னு சொல்லித்தான் மிஸ்ஸி வந்தாரு. தங்கராசு அண்ணன். அண்ணேன்னுதான் நானும் கூப்புட்டேன்."

புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த என் பென்சில் நின்றுவிட்டது.

"கைய வாயில வச்சு அமுத்துனாரு. கடிச்சேன். கொடத்தால மண்டையிலயும் தோள்லயும் அடிச்சேன். ஓடிப் போயி கானுக்குள்ள விழுந்து படுத்துக்கிட்டேன். ரொம்ப நேரம் தேடுனாரு. பேரச் சொல்லித் தேடுனாரு."

அவள் தப்பித்துவிட்டாள் என்பதில் எனக்கு உயிர் வந்தது. அதே நேரம், அவள் கானுக்குள் மூச்சை அடக்கிப் படுத்திருந்தபோது நான் அந்தக் கைக்கு டிங்சர் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் உறைத்தது. வலது பக்கத்தை ஒழுங்காக எழுதி, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளை அப்போதே தேடியிருப்போம். அவமானத்தில் எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெளியே சத்தம் கூடியது. நான் அவசர அவசரமாகக் கிறுக்கினேன்.

கதவு தட்டும் சத்தம். கொஞ்சமாகத் திறந்தேன். பெரிய கங்காணி. குரலை ரொம்பத் தணித்துப் பேசினார்.

"மிஸ்ஸி, ரெண்டே வார்த்த. கிராமத்தானான்னு கேளுங்க, ஆமான்னு சொல்லச் சொல்லுங்க. ஆளு பேரு வேணாம். வெளியாளு செஞ்சதுன்னா அவ மேல ஒரு குத்தமும் வராது. புருசன் வீட்டுலயும் வச்சுக்குவாங்க. வேற எதாச்சும் வாயில வந்துச்சுன்னா அவ பொழப்புதான் நாசமாப் போகும்."

அவருக்கு என்ன நடந்தது என்று அப்போதே தெரிந்திருந்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதை அப்படியே பழனியாயியிடம் சொன்னேன். ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றியது.

அவள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஆமான்னு சொன்னா என்ன செய்வாங்க மிஸ்ஸி?"

"கத்தியோட கீழ எறங்குவாங்க."

"அங்கன பொம்பளைங்க இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க."

"அவங்களும் தண்ணிக்குப் போவாங்கல்ல?"

அவள் எழுந்தாள். "இல்லன்னு சொல்லிருங்க. ஆருன்னு நானே சொல்றேன்."

ஸ்டோர் படியில் என் கோட்டைப் போர்த்திக்கொண்டு நின்று சொன்னாள். பெரிய குரல் இல்லை. "கிராமத்தாளு யாரும் வரல. தொணைக்கு வர்றேன்னு வந்த தங்கராசு அண்ணன்தான்" என்றாள். முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அது பின்னுக்குப் போகப்போக முற்றத்தில் இரைச்சல் எழும்பியது.

"பயத்துல ஒளறுது" என்றான் தங்கராசு. "கிராமத்தானப் பாத்ததுல புத்தி கொழம்பிருச்சு."

"செக்ரோல்ல பேரே இல்லாத பொம்பள" என்றார் பெரிய கங்காணி. "எந்தத் தோட்டத்து ஆளுன்னே எழுத்துல இல்ல. அவ பேச்சக் கேட்டு நம்ம ஆளுங்களச் சந்தேகப்படணுமா?"

இந்தத் தோட்டத்து வேலை போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. ஆனாலும் பேசினேன். தைரியத்தில் பேசவில்லை, வெட்கத்தில் பேசினேன்.

"தங்கராசு கையில கட்டுப் போட்டது நான்தான். கத்தி பட்டுச்சுன்னு புத்தகத்துல இருக்கு. அது அவர் சொன்னது. நான் பார்த்தது பல்லுத் தடம். அத நான் எழுதல. என்மேலதான் தப்பு. இப்ப சொல்றேன்."

சார்ஜன் தமிழை எவ்வளவு புரிந்துகொண்டாரோ தெரியாது. குணசேகர ஐயா அவர் காதில் ஒரு வரி சொன்னார். சார்ஜன் வந்து தங்கராசுவின் கையைப் பிடித்துக் கட்டை அவிழ்த்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு அவனை விட்டு ஒவ்வோர் அடியாக விலகினார்கள். கத்திகள் கீழே இறங்கின. வேலு தங்கராசுவை நோக்கிப் போவான் என்று பயந்தேன். போகவில்லை. அவள் நின்ற படிக்கு இரண்டு படி கீழே வந்து, கத்தியைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன்.

அன்று யாரும் கிராமத்துக்கு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். பேர் வாசிப்பது முடிந்ததும் பெண்களே முகம் பார்த்து ஆள் எண்ணினார்கள். கல்யாணமானவளோ ஆகாதவளோ, பீலிக்குத் தனியாகப் போகக்கூடாது. துணைக்குப் பெண்கள்தான், நான்கு நான்கு பேராக. காவலில் இரண்டு பேரை ரோட்டைப் பார்க்காமல் ஸ்டோரைப் பார்த்து நிற்கச் சொன்னார் சார்ஜன். ஆண்களுக்கு அது அவமானமாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நாடு அடங்கி ஆட்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். சார்ஜனுக்கு மாற்றலாகிவிட்டது. அவர் எழுதிக்கொண்டுபோன முறைப்பாடு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. தங்கராசு வேறு தோட்டத்துக்குப் போக விரும்புவதாகச் சொன்னான். அவனுக்கு ஒரே நாளில் பத்துச்சீட்டு கொடுத்தார்கள், நன்னடத்தை என்று எழுதி. பழனியாயியின் பத்துச்சீட்டு அப்போதும் வரவில்லை.

அந்தச் சேதி கேட்ட அன்று குணசேகர ஐயாவிடம் கத்தினேன். "எழுது எழுதுன்னு சொன்னீங்களே, என்ன ஐயா பிரயோசனம்?"

"கிராமம் எரிய இல்ல, மிஸ்ஸி."

"அது ஒங்க அக்கா வீடு. இவளுக்கு என்ன கெடச்சுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் கெடைக்க இல்ல" என்றார். "அதுக்கு நான் ஒண்ணும் செய்யவும் இல்ல." அவர் வாதாடியிருந்தால் என் கோபம் நிலைத்திருக்கும். இப்படி ஒப்புக்கொண்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தங்கராசு போன தோட்டத்து மருத்துவமாதுக்கு நான் பார்த்ததை மட்டும் ஒரு கடிதமாக எழுதினேன். தபாலில் போட்டது அவர்தான். பதில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பழனியாயி டிஸ்பென்சரிக்கு வந்தாள். கொழுந்துக் கூடை வார் அறுத்து நெற்றியில் புண். மருந்து போட்டு முடித்தும் அவள் போகவில்லை.

"மிஸ்ஸி, அன்னைக்கு நான் சொன்னத எழுதுனீங்களே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"வாசிச்சுக் காட்டுங்க."

அன்றைக்கு இருந்த அவசரத்தில் எழுதியதோடு சரி. அவளுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஐயா தானாகவே வெளியே போனார். நான் மெதுவாக வாசித்தேன். அவள் நின்றபடியே தலையைச் சாய்த்துக் கேட்டாள். 'கையைக் கடித்தேன், ஓடினேன், கானுக்குள் விழுந்து படுத்துக்கொண்டேன்' என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அங்க தப்பு."

"என்ன தப்பு?"

"கடிச்சேன், ஓடுனேன்னு போட்டிருக்கீங்க. நான் அப்படிச் சொல்லல. கொடத்தால அடிச்சேன் மிஸ்ஸி. ரெண்டு தரம் அடிச்சேன். அடிச்சிட்டுத்தான் ஓடுனேன்."

நான் பேனாவை எடுத்து வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னபடியே திருப்பி எழுதினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இப்ப சரி" என்றாள். கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.